ரயில் எஞ்சின் சொன்ன விறகுப் பாடம்



சவுக்கு போடுகிற ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. "பச்சையாப் போட்டாத்தான் எடை நிக்கும், காய்ஞ்சா நட்டம்" என்பார்கள். போன கோடையில் விவசாயி ஒருவர், வெட்டின கையோடு லாரியில் ஏற்றி ஒரு சாயப்பட்டறை பாய்லருக்கு அனுப்பினார். அங்கே கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஈரக்கட்டை, இதிலே ஆவி ஏறாது" என்று விலையைக் குறைத்துவிட்டார்கள். "எப்படி இருந்தாலும் கட்டை கட்டைதானே ஐயா?" என்று என்னிடம் வந்து கேட்டார். அவருக்குச் சொன்ன பழைய கதையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

1856-ம் வருஷம் ஜூலை முதல் தேதி, சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அன்றைய ரயில் எஞ்சின் என்பது என்ன? சக்கரம் வைத்த பெரிய பாய்லர்தான். அதற்குத் தீனி வேண்டுமே! நல்ல நிலக்கரி வங்காளத்திலிருந்தோ சீமையிலிருந்தோ கப்பலில் வந்தாக வேண்டும், விலை கட்டாது. ஆகவே பக்கத்துக் காடுகளில் வெட்டிய விறகு எஞ்சினுக்குப் போயிற்று. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைக்கும் மரம் வேண்டியிருந்தது. காடு வேகமாகக் குறைந்தது. அதே 1856-ல்தான் டாக்டர் கிளெக்ஹார்ன் என்பவர் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார்.

காட்டை வெட்டிக்கொண்டே போனால் கட்டுமா? புதிதாக வளர்க்க வேண்டும் என்ற யோசனை வந்தது. 1860-களில் சென்னையை ஒட்டிய கடற்கரை மணலில், எஞ்சின் விறகுக்காகவே சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். சவுக்கு நம் ஊர் மரம் அல்ல. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா பக்கத்து மரம். ஆனால் வெறும் மணலில் வரும், சீக்கிரம் வளரும், நின்று எரியும். வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது என்பதைப் பிற்பாடு விஞ்ஞானம் கண்டு சொன்னது. அரசாங்கத் தோப்பைப் பார்த்து விவசாயிகளும் போட ஆரம்பித்தார்கள். 1880-களின் கடைசியில் சிங்கரேணி நிலக்கரி வெளிவரத் தொடங்கியது. எஞ்சின்கள் படிப்படியாக விறகை விட்டன. சவுக்கு மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. இன்றைக்கு உங்கள் வயலில் நிற்கிற சவுக்கின் கதை, ஒரு பாய்லரில் தொடங்கிய கதை!

சரி, எஞ்சின் சொன்ன பாடம் என்ன? ஓடுகிற வண்டியில் இடம் கொஞ்சம். ஒரு டன் நல்ல நிலக்கரியின் சூட்டுக்கு ஏறக்குறைய இரண்டு டன் காய்ந்த விறகு வேண்டும். அதிலும் ஈரக்கட்டையைப் போட்டால் புகைதான் வரும். ஆவியின் அழுத்தம் இறங்கும். மேட்டில் வண்டி திணறும். எஞ்சினிடம் சாக்குச் சொல்ல முடியாது.

காரணம் சுலபமானது. கட்டையிலுள்ள ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்கி விரட்ட சுமார் 600 கிலோகலோரி செலவாகிறது. அந்தச் சூடு புகைபோக்கி வழியே வீணாகப் போகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். வெட்டின புதுக்கட்டை 1,000 கிலோ. அதில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தரும் சூடு சுமார் 19 1/2 லட்சம் கிலோகலோரி. அதே கட்டையை, ஈரம் நூற்றுக்கு இருபது ஆகும் வரை உலர்த்தினால் எடை 625 கிலோவாகக் குறைகிறது. சூடோ 21 1/2 லட்சத்தைத் தாண்டுகிறது. எடை குறைந்தது, சூடு கூடியது!

உலர்த்துவதிலும் முறை இருக்கிறது. தண்ணீர் அதிகமாக வெளியேறுவது கட்டையின் வெட்டுமுனை வழியாக. பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் பாய்லர் வாயின் அளவைக் கேட்டுக்கொண்டு, அதற்குத் தக்கபடி ஒரே நீளமாக அறுத்துப் போடுங்கள். தொடைப் பருமனுள்ள அடிமரத்தைப் பச்சையாக இருக்கும்போதே ஆப்பு வைத்துப் பிளந்துவிடுங்கள். காய்ந்த பிறகு கோடாலி எகிறும், கூலியும் ஏறும். கைப்பருமன் கட்டையைப் பிளக்க வேண்டியதில்லை. ரொம்பப் பொடியாக்கினாலும் பிசகு. குப்பென்று எரிந்து அடங்கிவிடும், அடிக்கடி கதவைத் திறந்து போட வேண்டியிருக்கும், குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து சூடு இறங்கும். மிலாறைத் தனியாகக் கட்டி வையுங்கள்.

அட்டி போடும்போது தரையில் இரண்டு கழியைக் கிடத்தி, அதன்மேல் அடுக்குங்கள். வெட்டுமுனை காற்றடிக்கும் பக்கம் பார்க்கட்டும். மேலே மட்டும் ஓலையோ தகரமோ மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். சுற்றிலும் தார்ப்பாய் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கோடை முழுக்க இப்படிக் கிடந்தால் கட்டை கலகலவென்று சத்தம் கொடுக்கும். முனையில் வெடிப்பு விழும். அதுதான் பக்குவம்.

ஆனால் ஒன்று, வியாபாரத்தில் ஏமாறக்கூடாது. மேலே சொன்ன கணக்குப்படி, பச்சைக்கட்டை டன் 100 ரூபாய் என்றால், உலர்ந்த கட்டை டன்னுக்கு 160 ரூபாய் கிடைத்தால்தான் உங்களுக்குக் கை கடிக்காது. அறுத்த கூலி, பிளந்த கூலி அதற்கு மேல். ஏற்றுக்கூலியும் லாரி வாடகையும் மட்டும் குறையும். ஆகையால் வெட்டுகிறதுக்கு முன்னாலேயே, உலர்ந்த விலை என்ன என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். தர மறுக்கிறவருக்குப் பச்சையாகவே போட்டுவிடுங்கள். அவருக்காக நீங்கள் உலர்த்த வேண்டியதில்லை.

அந்த விவசாயி இந்த வருஷம் நாலில் ஒரு பங்கை மட்டும் அட்டி போட்டு வைத்திருக்கிறார். "பேசின விலை வந்தா மிச்சத்தையும் காய வைக்கிறேன் ஐயா" என்கிறார். சரியான யோசனைதான். நீங்களும் ஒரு வண்டிக் கட்டையில் செய்து பாருங்கள். பச்சையிலும் உலர்ந்த பிறகும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். விலை பேசப் போகும்போது அந்தச் சீட்டே உங்களுக்காகப் பேசும்.