தலை, கழுத்துப் புற்றுநோய்கள்

வாய், தொண்டை, குரல்வளை, மூக்கறை, உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்றுநோய்களின் பொதுப்பெயர்.

காரணிகள்: புகையிலையும் மதுவும் முதன்மையானவை, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீடு உறுதிசெய்தது. டான்சில், அடிநாக்குப் புற்றுநோய்கள் பலவற்றுக்கு எச்.பி.வி. 16 வைரஸ் காரணம்.

எச்சரிக்கை அறிகுறிகள்: மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம், நீடிக்கும் குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் கட்டி.

தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே பலர் தாமதித்துவிடுகின்றனர். திசுப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும். தொடக்க நிலையில் கண்டறிந்தால் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடியும்.