கத்தியற்ற சத்திரசிகிச்சையும் யாழ்ப்பாணத்துப் புற்றுநோயாளரும்

உடலைக் கீறாமலும் குருதி சிந்தாமலும் கதிர்க்கற்றைகளாற் புற்றுக்கட்டியை அழிக்கவல்ல யந்திரமொன்று சென்னையில் உண்டென்று கேள்வியுற்றதும், காணியை ஈடுவைத்தோ, கனடாவிலும் லண்டனிலும் வாழும் இனசனத்தாரிடம் பணம் பெற்றோ, குடாநாட்டுக் குடும்பமொன்று பலாலியிலிருந்து விமானமேறுவது இந்நாளிற் புதுமையன்று. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. ஆயினும், அந்த யந்திரம் எந்த நோயாளிக்கு உரியது என்பதை நிர்ணயிக்கவேண்டியது கட்டியின் இயல்பே என்பதும், அந்நிர்ணயத்தைக் குடாநாட்டிலுள்ள தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலேயே செய்தற்குரிய ஏற்பாடே நமக்கு முதற்கண் வேண்டுவது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

கதிர்ச் சத்திரசிகிச்சை என்னுங் கருத்தை 1951-இல் வெளியிட்டவர் சுவீடன் தேசத்து நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல். பல திசைகளினின்றும் வரும் மெல்லிய கதிர்கள் ஓரிடத்திற் சங்கமிக்குமாயின், ஒவ்வொன்றும் கடந்துவரும் நல்ல திசுவுக்குச் சிறு ஊறே நேர, சங்கமிக்கும் இடத்திலோ கட்டியின் உயிரணுக்கள் பெருகும் சக்தியை இழந்து மடியும் என்பது அவர் கண்ட தத்துவம். 1968-இல் ஸ்ரொக்ஹோமிற் பயன்பாட்டுக்கு வந்த அவருடைய காமா நைஃப் கருவிக்காக நோயாளியின் மண்டையோட்டில் உலோகச் சட்டமொன்றைத் திருகாணிகளாற் பூட்டவேண்டியிருந்தது. ஆதலின் அக்கருவியின் ஆட்சி தலைக்குக் கீழே செல்லவில்லை. லெக்செலிடம் பயின்று அமெரிக்கா திரும்பிய ஜோன் அட்லர் அச்சட்டத்தையே நீக்க எண்ணியதன் பயனாகச் சைபர்நைஃப் தோன்றி, 1994-இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் முதல் நோயாளிக்குப் பிரயோகிக்கப்பட்டது. 2001-இல் உடலின் எப்பகுதியிலுமுள்ள கட்டிகளுக்கும் அதனைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதித்தது. சென்னை அப்பலோ வைத்தியசாலைக்கு அது 2009-இல் வந்தது.

சிகிச்சை நிகழும் விதத்தைச் சற்று அணுகி நோக்குவோம். வெந்நீரில் இளக்கிய வலைபோன்ற தகடொன்று முகத்தின்மேற் படியவைக்கப்பட்டு, ஆறியதும் அந்நோயாளிக்கே உரிய கவசமாகின்றது. அதனை அணிந்து அவர் கிடக்க, கூரையிலுள்ள இரண்டு எக்ஸ் கதிர்க் குழாய்கள் இடையிடையே படம்பிடிக்க, கணினி அப்படங்களை முன்னரெடுத்த சி.ரி. படத்தோடு ஒப்பிட்டு, தலை அசைந்திருப்பின் அசைவின் அளவைக் கண்டறிந்து அறிவிக்கின்றது. தொழிற்சாலைகளில் உழைக்கும் இனத்தைச் சேர்ந்த, ஆறு மூட்டுக்களையுடைய யந்திரக் கை, 60 இலட்சம் வோல்ற்றுக் கதிரை ஆக்கும் நேர்கோட்டு ஆர்முடுக்கியை ஏந்தியவாறு, அவ்வறிவிப்புக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட நிலைகளினின்று கதிரைச் செலுத்துகின்றது. நுரையீரற் கட்டியோ மூச்சோடு ஏறியிறங்குவது; ஆகையால் அரிசிமணியிலுஞ் சிறிய பொன் துணுக்குகளை ஊசிவழியே கட்டியினருகிற் பதித்து, மார்பின்மேல் ஒளிரும் குறிகளோடு அவற்றையும் கண்காணித்து, கை மூச்சின் போக்கிலேயே அசைகின்றது. (ஊசி புகுகின்றமையால் இதனை முற்றாக ஊடுருவாச் சிகிச்சை என்பது சிறிது மிகையே.) ஒன்று முதல் ஐந்து அமர்வுகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இத்துணை நுட்பமான கருவியின் எல்லையும் அந்நுட்பத்திலேயே அடங்கியுள்ளது. கட்டி சிறிதாயும் விளிம்பு தெளிவாயும் இருந்தால்தான் கதிர்களின் சங்கமம் அதனுள் அடங்கும். முன்னரே கதிரேற்ற மூளையிலுள்ள கட்டிகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று, விட்டம் 2 சென்ரிமீற்றர்வரையாயின் ஒரே அமர்வில் 24 கிறே (திசு ஏற்கும் கதிரை அளக்கும் அலகு), 3 வரையாயின் 18, 4 வரையாயின் 15 என்று உச்ச அளவை வகுத்தது. கட்டி பெருக்கப் பெருக்கச் சூழ்ந்துள்ள மூளை தாங்கக்கூடிய அளவு குறைகின்றது. அதனை மீறினால் வீக்கமும் திசு அழிவும் மாதங்கள் கழிந்தும் தோன்றும். செவி நரம்புக் கட்டி, எண்ணிக்கையிற் சிலவாய் மூளைக்குப் பரவிய கட்டிகள், சத்திரசிகிச்சையைத் தாங்கவியலாத முதியவரின் சிறு நுரையீரற் கட்டி முதலியவற்றுக்கு இஃது உயர்ந்த சிகிச்சை என்பதில் ஐயமில்லை.

நம்மவரைப் பீடிக்கும் புற்றுநோய் பெரும்பாலும் இவ்வகையினது அன்று. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயே மிகப் பரவலானது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை மென்று கடைவாயில் அடக்கிவைக்கும் இடத்தில், கன்னத்தின் உட்புறம் வெண்படலம் படர்ந்து, தடித்து, ஆறாப் புண்ணாகின்றது. புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றை விளைக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-இல் வெளியிட்டது. அந்நோய் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியபின் வேண்டப்படுவது அகன்ற பரப்பிலான கதிர்ச்சிகிச்சை: வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறேழு வாரம், மொத்தம் 60 முதல் 70 கிறே. இடையில் தடைப்பட்டால் எஞ்சிய அணுக்கள் மீளப் பெருகும். இத்தகைய நோயாளி காணியை ஈடுவைத்துச் சென்னைக்குச் சென்று யந்திரக் கையைத் தேடுவதனால் யாது பயன்? பழுதடையாது நாடோறும் இயங்கும் சாதாரணக் கதிர்க்கருவியே, அவர் பஸ்ஸிற் சென்றுவரக்கூடிய தூரத்தில் இருப்பதே, அவர் உயிரைக் காப்பது.

அந்தத் தூரத்தில் ஒரு வைத்தியசாலை எழுந்த வரலாறு நினைக்கத்தக்கது. 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து, சிங்களவரும் தமிழரும் திரட்டிய நிதியினாலேயே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை அமைந்தது. அதன் வேலை முற்றுப்பெறக் கட்டடம் போதாது. ஒவ்வொரு நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்தையும் கதிர்ச்சிகிச்சை வைத்தியர், சத்திரசிகிச்சை நிபுணர், மருத்துவப் பௌதிகவியலாளர் ஆகியோர் கூடியிருந்து ஆராய்ந்து, சென்னைக்குச் செல்லத்தக்க சிலரைத் தெரிந்தெடுத்து உரிய பத்திரங்களோடும் அரச உதவியோடும் அனுப்பவும், ஏனையோருக்கு ஏன் அது வேண்டாமென்பதைத் தெளிவாக எடுத்துரைக்கவும் வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். அந்த மண்ணில் நோயாளிக்கு அவருடைய நோயைத் தமிழில் விளக்க நேரமில்லை என்பது ஏற்கத்தக்க சமாதானமன்று.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊருக்குப் பெரிய யந்திரமொன்றை வாங்கிக்கொடுக்க விரும்புவோர், முதலில் யாழ்ப்பாணப் பட்டதாரிகள் சிலரை மருத்துவப் பௌதிகவியலிற் பயிற்றுவிக்கும் செலவையும், உள்ள கருவிகளை ஆண்டுதோறும் பராமரிக்கும் செலவையும் ஏற்பார்களாக.