பென்சில் ஏந்திய பிள்ளைகள்

1961-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள். கியூபா தீவின் தலைநகரான ஹவானாவில், புரட்சிச் சதுக்கத்தை நோக்கிச் சிறுவரும் சிறுமியரும் கடலலை போல அணிவகுத்து வருகின்றனர். காலில் பூட்ஸ், முதுகில் மூட்டை, கையில் எண்ணெய் விளக்கு. சிலர் ஆள் உயரத்திற்கும் மேலான பெரிய பென்சில்களைத் துப்பாக்கி போலத் தோளில் சாய்த்திருக்கின்றனர். எட்டு மாதங்களாக மலைகளிலும் கரும்புக் காடுகளிலும் எழுத்தறியா உழவர்களின் குடிசைகளில் தங்கி, அவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் இவர்கள்.

அதே ஆண்டில், அதே நகரின் விமான நிலையத்தில், வேறொரு பிள்ளைக் கூட்டமும் புறப்பட்டுக்கொண்டிருந்தது. தாய் தந்தையர் துணையின்றித் தனியே மயாமி நகருக்குப் பறந்த பிள்ளைகள் அவர்கள். இவ்விரு கூட்டங்களின் கதையையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தவர் நம்மிடையே குறைவு. இடதுசாரி ஏடுகள் பென்சில்களை மட்டும் பாடின. கத்தோலிக்க ஏடுகள் விமானங்களை மட்டும் நினைந்து அழுதன. நானும் நெடுநாள் ஒரு பாதியை மட்டுமே அறிந்திருந்தவன்தான்.

முதலில் மலைக்குச் சென்றவர்களைப் பார்ப்போம். 1960 செப்டம்பர் 26-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் பேசிய ஃபிடல் காஸ்ட்ரோ, ஒரே ஆண்டில் தம் நாட்டில் எழுத்தறியாமையை ஒழித்துக் காட்டுவதாக அறிவித்தார். கேட்டவர்கள் பலர் இதை வெற்றுப் பெருமை என்றே எண்ணியிருக்க வேண்டும். 1953-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கியூபாவில் நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்து நான்கு பேர் எழுத்தறியாதவர்கள். நாட்டுப்புறத்தில் மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். ஹவானாவில் மின்விளக்கும் வானொலியும் ஓட்டல்களும் பளபளத்தபோது, நூறு கல் தொலைவில் மண்தரைக் குடிசையில் வாழ்ந்தவன் தன் பெயருக்குப் பதில் பெருவிரல் ரேகையை இட்டுக்கொண்டிருந்தான். அன்றைய கியூபாவில் ஒரு தீவுக்குள் இரண்டு தீவுகள் இருந்தன என்றால் மிகையாகாது.

ஆசிரியர்கள் போதவில்லை. எனவே அரசு மாணவர்களை அழைத்தது. 1961 ஏப்ரல் நடுவில் மேல்வகுப்புப் பள்ளிகள் மூடப்பட்டன. ஆண்டு முடியும்வரை பாடம் இல்லை. ஏறக்குறைய ஓர் இலட்சம் மாணவர்கள் முன்வந்தனர். பெரும்பாலோர் பதின்ம வயதினர். பத்து வயதை எட்டியவர்களும் உண்டு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்பிள்ளைகள் என்பதுதான் வியப்பு. துணைக்கு ஓர் அத்தையோ பாட்டியோ இல்லாமல் கன்னிப் பெண் தெருவில் இறங்குவதே குறை என்று எண்ணிய ஸ்பானிய மரபு அங்கே வேரூன்றியிருந்த காலம் அது. பெற்றோரின் எழுத்துபூர்வமான இசைவு கட்டாயம். அந்த ஒரு கையொப்பத்துக்காக எத்தனை வீடுகளில் அழுகையும் உண்ணாநோன்பும் நடந்திருக்கும்! அந்தப் பெண்கள் முதியவர்களான பின் தம் நினைவுகளைக் கூறும் ஆவணப்படம் ஒன்று 2012-இல் வெளிவந்தது. அரசியலை விட, முதன்முதலாக வீட்டைவிட்டு வெளியே வந்த அந்த விடுதலையே அவர்கள் முகத்தில் அதிகம் ஒளிர்கிறது.

வராதெரோ கடற்கரையில் அவர்களுக்குச் சில நாள் பயிற்சி. பணக்காரர்களும் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளும் நீராடிய கடற்கரை அது. அங்கே ஒவ்வொருவருக்கும் சீருடை, பூட்ஸ், போர்வை, இரு கம்பங்களுக்கிடையே கட்டித் தூங்கும் தூளி, சீனாவில் செய்த எண்ணெய் விளக்கு ஆகியவை வழங்கப்பட்டன. நம் ஊர்த் திருவிழாக்களில் தலையில் சுமந்து வரும் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் போன்றதே அது. பம்பு அடித்து ஏற்ற வேண்டும். கூடவே இரண்டு நூல்கள்: கற்பவருக்கு ‘வெற்றி கொள்வோம்’ என்னும் பொருள்பட்ட அரிச்சுவடி, கற்பிப்பவருக்கு ‘எழுத்தறிவிப்போம்’ என்னும் கையேடு.

அரிச்சுவடியைப் பற்றி ஒரு சொல். பதினைந்து பாடங்கள். முதல் பாடம் அமெரிக்க நாடுகளின் அமைப்பைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம். ஸ்பானிய மொழியில் அம்மூன்றும் உயிரெழுத்துகள். ஆகவே முதல் பாடத்துக்குப் பொருத்தமானவை. ஆனால் அமெரிக்க வல்லரசின் மீதான சினமும் அந்த மூன்றெழுத்துகளிலேயே மாணவனுக்குள் புகுத்தப்பட்டது. இரண்டாம் பாடம் நிலச் சீர்திருத்த நிறுவனத்தின் பெயர். ‘அம்மா’வும் ‘ஆடு’ம் அங்கே இல்லை. எழுத்தோடு கொள்கையும் ஊட்டப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. அதை நடத்தியவர்களும் மறைக்கவில்லை. ஆயினும் ஒன்றை நினைக்க வேண்டியிருக்கிறது: நம் மறைபரப்பாளர்களும் நாட்டுப்புறத்தில் எழுத்தைக் கற்பித்தபோது மறைக்கல்வி நூலைத்தானே முதல் வாசிப்பாகக் கொடுத்தனர்? எழுத்து கைக்கு வந்தபின் படிப்பவன் எதைப் படிப்பான் என்பதை எந்த ஆசிரியனாலும் இறுதிவரை கட்டுப்படுத்த இயலாது.

மாணவர்கள் உழவர்களின் வீடுகளிலேயே தங்கினர். பகலில் அவர்களோடு காப்பிப் பழம் பறித்தனர், களை எடுத்தனர், தண்ணீர் சுமந்தனர். இரவில் விளக்கை ஏற்றி, மேசை இருந்தால் மேசையில், இல்லாவிடில் தரையில் நூலை விரித்தனர். முதலில் நூலிலுள்ள ஒரு புகைப்படத்தைக் காட்டிப் பேச்சு. பின்னர்ச் சொல், அசை, எழுத்து. இளமையில் கலப்பையும் கத்தியும் மட்டுமே பிடித்த விரல்கள் பென்சிலைப் பிடிக்க மறுத்தன. பன்னிரண்டு வயதுச் சிறுமி அறுபது வயது முதியவரின் கையைப் பிடித்து எழுத வைக்கும்போது அந்த முதியவர் அடைந்த நாணத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் காலையில் மாட்டைப் பிடிக்கத் தெரியாமல் அதே சிறுமி தடுமாறியபோது ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது மாறிப்போனது. நம் கல்லூரிகளில் ஏழு நாள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்று, குளத்தில் இரண்டு கூடை மண் அள்ளிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கத்தை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. நாள்கணக்கில் தங்குபவன் விருந்தாளி. மாதக்கணக்கில் தங்குபவனுக்குத்தான் அந்த வீட்டின் பசி தெரியும்.

பயணம் ஒருவழியாகவும் இருக்கவில்லை. அதே 1961-இல் மலைநாட்டு உழவர் குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஹவானாவுக்கு அழைத்து வரப்பட்டு, அனா பெத்தன்கூர் பெயரிலமைந்த பள்ளியில் தையலும் எழுத்தும் கற்றனர். செல்வர்கள் விட்டுச்சென்ற மாளிகைகளே பலருக்கு விடுதிகளாயின. நகரத்துப் பிள்ளை குடிசையில். குடிசைப் பிள்ளை மாளிகையில். ஆனால் அந்த மாளிகையில் முன்பு வாழ்ந்த பிள்ளை எங்கே என்னும் கேள்வி அங்கேயே எழுகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

பிள்ளைகள் சென்ற இடம் அமைதியான இடமன்று. எஸ்கம்ப்ராய் மலைப்பகுதியில் அரசை எதிர்த்து ஆயுதமேந்திய குழுக்கள் இருந்தன. நிலமிழந்த உழவர்களும் அவற்றில் உண்டு. இயக்கம் தொடங்குமுன்பே, 1961 சனவரி 5-ஆம் நாள், தன்னார்வ ஆசிரியரான கொன்றாடோ பெனீத்தேஸ் என்னும் பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞர் அங்கே கொல்லப்பட்டார். மாணவர் படையணிகளுக்கு அவர் பெயரே இடப்பட்டது. ஏப்ரல் 17-ஆம் நாள், அமெரிக்காவில் பயிற்சி பெற்ற கியூப அகதிப் படை பன்றிகள் வளைகுடாவில் இறங்கித் தோற்றது. நவம்பர் 26-ஆம் நாள் பதினாறு வயது மாணவர் மனுவேல் அஸ்குன்சேயும், அவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த உழவர் பேத்ரோ லந்திகுவாவும் ஒரே இரவில் கொலையுண்டனர். ஆசிரியன் என்பதைத் தவிர வேறு குற்றம் செய்யாத ஒரு சிறுவனைக் கொல்வதற்கு எந்த விடுதலைப் போராட்டமும் நியாயம் கற்பிக்க முடியாது.

ஆகஸ்டு இறுதியில் இலக்கு வெகு தொலைவில் இருந்தது. பின்னர்த் தொழிலாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் பெருமளவில் களத்தில் இறக்கப்பட்டனர். இறுதித் தேர்வின் ஒரு பகுதியாகக் கற்றவர் ஒவ்வொருவரும் காஸ்ட்ரோவுக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் 7,07,212 பேர் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. எழுத்தறியாதோர் நூற்றுக்கு 3.9 ஆகக் குறைந்தனர். கற்றவர்களில் அடிமையாகப் பிறந்த 106 வயது மூதாட்டி ஒருவரும் உண்டு. கியூபாவில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1886-இல்தான் என்பதை நினைத்தால் இது நம்ப இயலாததன்று. பலர் எட்டியது முதல் வகுப்பு நிலைதான். எனவே மறு ஆண்டிலிருந்தே தொடர்கல்வி தொடங்கப்பட்டது.

இனி விமானம் ஏறிய பிள்ளைகள். பிள்ளைகள் மீது பெற்றோருக்குள்ள உரிமையைப் பறிக்கும் சட்டம் ஒன்று வரப்போகிறது என்னும் வதந்தி 1960-இன் இறுதியிலிருந்தே தீவெங்கும் பரவியது. வெளிநாட்டு வானொலி ஒன்று அதை ஓயாமல் ஒலித்தது; போலிச் சட்ட நகல்களும் கைமாறின. அப்படியொரு சட்டம் வரவேயில்லை. ஆனால் அச்சத்துக்கு ஊட்டம் தரும் நிகழ்ச்சிகள் நாள்தோறும் நடந்தன. மே முதல் நாள் தனியார் பள்ளிகள் அனைத்தும் அரசுடைமையாகும் என்று காஸ்ட்ரோ அறிவித்தார். சூன் மாதத்தில் சட்டமும் வந்தது. துறவியர் நடத்திய பள்ளிகள் அனைத்தும் கைமாறின. காஸ்ட்ரோ தாமே படித்த, இயேசு சபையினரின் பெலேன் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. செப்டம்பரில், பிறரன்பின் அன்னைக்கு எடுத்த பவனி ஹவானாவில் மோதலாக முடிந்து ஓர் இளைஞர் உயிரிழந்தபின், ஆயர் போசா மஸ்விதால் உட்பட 131 குருக்கள் ‘கோவதோங்கா’ என்னும் கப்பலில் ஏற்றப்பட்டு ஸ்பெயினுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

இச்சூழலில், கையொப்பமிட்டுப் பிள்ளையை மலைக்கு அனுப்பு என்று அரசு கேட்டபோது ஒரு கத்தோலிக்கத் தாயின் நெஞ்சம் எப்படி நடுங்கியிருக்கும்? எழுத்தறிவிக்கும் பயணமே பிள்ளையைப் பிரிக்கும் முதல் படி என்று பலர் நம்பினர். மயாமியில் கத்தோலிக்க நல வாரியத்தை நடத்திய, அயர்லாந்தில் பிறந்த பிரையன் வால்ஷ் என்னும் இளங்குரு, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுச் சீட்டின்றி அமெரிக்கா வர வழிவகுத்தார். 1960 டிசம்பர் 26 முதல் 1962 அக்டோபர் ஏவுகணை நெருக்கடி வரை 14,048 பிள்ளைகள் அவ்வாறு தனியே சென்றனர். ஹவானா விமான நிலையத்தில் கண்ணாடியால் அடைத்த அறை ஒன்று இருந்தது. மக்கள் அதை மீன்தொட்டி என்றனர். உள்ளே பிள்ளை, வெளியே பெற்றோர். கண்ணாடியில் கை வைத்து விடைபெற்றனர். சில வாரங்களில் சேர்ந்துவிடுவோம் என்றெண்ணியவர்கள், வானூர்திகள் நின்றுபோனதால் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்க நேர்ந்தது. உறவினர் இருந்தவர்கள் தப்பினர். இல்லாதவர்கள் மொழி தெரியாத ஊர்களில் அனாதை இல்லங்களிலும் வளர்ப்பு வீடுகளிலும் வளர்ந்தனர். மாளிகையின் பிள்ளை எங்கே என்று கேட்டேனே, அவர்களில் சிலர் இங்கேதான் இருந்தனர்.

இரு பெற்றோரில் சரியாக நடந்தவர் யார் என்று என்னைக் கேட்டால் என்னிடம் விடையில்லை. ஒருவர் நம்பி அனுப்பினார். மற்றவர் அஞ்சி அனுப்பினார். அச்சத்துக்குக் காரணமான சட்டம் பொய். ஆனால் பூட்டப்பட்ட பள்ளியும் கப்பலேறிய ஆயரும் பொய்யல்லர். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் துறவற சபைகளின் சிறந்த பள்ளிகள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருந்தன. மலைநாட்டு உழவன் பெருவிரல் ரேகையோடு காத்திருந்த அத்தனை ஆண்டுகளும் அவை அங்கே நின்றுகொண்டுதான் இருந்தன. இதைக் குற்றச்சாட்டாக அன்றி மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

1998 சனவரி 25-ஆம் நாள், பிள்ளைகள் பென்சில்களோடு நின்ற அதே புரட்சிச் சதுக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருப்பலி நிறைவேற்றினார். மூன்று நாள்களுக்கு முன் சாந்தா கிளாராவில் குடும்பத்தைப் பற்றி மறையுரையாற்றியபோது, தம் பிள்ளைகளுக்கான கல்வியைத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதை வலியுறுத்தியிருந்தார். அன்று சதுக்கத்தில் முன்வரிசையில் காஸ்ட்ரோ அமர்ந்திருந்தார். கூட்டத்தில் நின்ற ஐம்பது வயதினருள், முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் விளக்கேந்தி வந்தவர்கள் நிச்சயம் சிலர் இருந்திருப்பார்கள்.

பதினான்கு வயதில் அந்த இயக்கத்தில் சேர்ந்த லெயோனெலா ரெலிஸ் பின்னர்க் கல்வியாளராகி, எண்களையும் எழுத்துகளையும் இணைத்துக் கற்பிக்கும் ஒரு முறையை வகுத்தார். அதை உருவாக்கிய கியூப நிறுவனத்துக்கு 2006-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. உழவர்கள் காஸ்ட்ரோவுக்கு எழுதிய அந்த ஏழு இலட்சம் கடிதங்களோ ஹவானாவின் புறநகரிலுள்ள எழுத்தறிவு அருங்காட்சியகத்தில் தொகுதி தொகுதியாகக் கட்டி வைக்கப்பட்டுள்ளன. கோணலும் மாணலுமான பென்சில் எழுத்துகள். ஒவ்வொன்றின் அடியிலும், வாழ்நாளில் முதன்முறையாகத் தானே எழுதிய ஒரு பெயர்.