சிறைக்குள் சென்ற குடிமக்கள்

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு சோழ மன்னனிடம் வேண்டினாள் மணிமேகலை, மன்னனும் இசைந்தான். காப்பியத்தில் ஒரே வேண்டுகோளால் நிறைவேறிய செயல், வரலாற்றில் அத்துணை எளிதாக நிறைவேறவில்லை. சிறையைச் சீர்ப்படுத்துவது ஒருபுறம் இருக்க, சிறைக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியுலகம் அறிவதற்கே இங்கிலாந்தில் இருநூறு ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் அமைச்சர்களோ சட்ட அறிஞர்களோ அல்லர். ஒருவர் நாட்டுப்புற நிலக்கிழார். மற்றொருவர் பல குழந்தைகளுக்குத் தாய்.

கட்டணம் கேட்ட சிறை

ஜான் ஹாவர்டு 1726இல் பிறந்தவர். 1756இல் லிஸ்பனுக்குக் கடற்பயணம் செய்தபோது பிரெஞ்சுக்காரரிடம் சிக்கிச் சிறைத் துன்பத்தைத் தாமே நுகர்ந்தவர். 1773இல் அவர் பெட்போர்டு மாவட்டத்தின் ஷெரிப் ஆனார். அம்மாவட்டச் சிறை அவர் பொறுப்பில் இருந்தது. இத்தகைய பதவியில் இருந்தோர் சிறையை நேரில் பார்ப்பது அரிது. ஹாவர்டோ பார்க்கச் சென்றார்.

அங்கே அவர் கண்டது என்ன? சிறைக் காவலருக்கு ஊதியம் இல்லை. கைதிகள் செலுத்தும் கட்டணமே அவருடைய வருவாய். ஆகவே, குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தவர்கள்கூடக் கட்டணம் செலுத்த இயலாமல் மீண்டும் சிறைக்கே இழுத்துச் செல்லப்பட்டனர். காவலருக்கு ஊதியம் வழங்கி இக்கொடுமையை ஒழிக்குமாறு ஹாவர்டு மாவட்ட நீதிபதிகளை வேண்டினார். அவர்கள் முன்மாதிரி கேட்டனர். முன்மாதிரியைத் தேடிக் குதிரையேறி அண்டை மாவட்டங்களுக்குச் சென்றார். சென்ற இடமெல்லாம் அதே அநீதியைத்தான் கண்டார்.

1774இல் பாராளுமன்றத்தின் முன் சான்று கூறினார். அவ்வாண்டிலேயே இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, விடுவிக்கப்பட்டோரைக் கட்டணமின்றி வெளியே அனுப்புமாறு பணித்தது. மற்றொன்று, கைதிகளின் உடல்நலம் பேணப் பணித்தது. ஹாவர்டு அச்சட்டங்களைத் தம் செலவில் அச்சிட்டுச் சிறைதோறும் அனுப்பினார். ஆயினும் பல சிறைகளில் அவை ஏட்டளவிலேயே நின்றன. சட்டம் இயற்றப்பட்டதா என்பதைவிட அது நடக்கிறதா என்பதே பெரிய கேள்வி. அதற்கு விடை காண யாரேனும் போய்ப் பார்த்தாக வேண்டும் அன்றோ?

ஹாவர்டு மீண்டும் மீண்டும் சென்றார். அறைகளை அளந்தார், கொடுக்கும் ரொட்டியின் எடையைக் குறித்தார், கைதிகளை எண்ணினார். சிறைகளின் நாற்றம் ஆடையில் பற்றிக்கொண்டமையால், மூடிய வண்டியில் அமர இயலாமல் குதிரையிலேயே பயணம் செய்தார். குறிப்பேட்டையும் நெருப்பருகே விரித்து வைத்த பின்னரே கையாள முடிந்தது. இவ்வாறு திரட்டிய செய்திகளை 1777இல் நூலாக வெளியிட்டார். அவர் எண்ணிய கைதிகள் 4,084 பேர். அவருள் 2,437 பேர் கடன்பட்டவர்கள். அஃதாவது, நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் செய்த குற்றம் கடன் அடைக்க இயலாமையே. கண்ணீரால் அசையாதவர்களையும் இந்தக் கணக்கு அசைத்தது. 1790இல் உக்ரைன் நாட்டில் உள்ள கெர்சானில் அவர் உயிர் நீத்தார்.

நியூகேட்டில் ஒரு தாய்

எலிசபெத் பிரை என்னும் குவேக்கர் சமய அம்மையார் 1813இல் இலண்டன் நியூகேட் சிறைக்குள் சென்றார். ஏறத்தாழ 300 பெண்களும் அவர்தம் குழந்தைகளும் அங்கே நெருக்கி அடைக்கப்பட்டிருந்தனர். 1817இல் அவரும் வேறு சில பெண்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினர். கைதிகளுக்குத் தையல் வேலை அளித்தனர். பள்ளியின் ஆசிரியையும் ஒரு கைதியே. ஒழுங்கு விதிகளை அம்மையார் தாமாகவே விதித்துவிடவில்லை. ஒவ்வொரு விதியையும் கைதிகளின் முன் படித்து, அவர்கள் கையுயர்த்தி இசைந்த பின்னரே நடைமுறைக்குக் கொணர்ந்தார். மனிதரை மனிதராக மதித்தால் அவர் மனிதராக நடப்பர் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1818இல் அவர் பாராளுமன்றக் குழுவின்முன் சான்று கூறினார். 1823ஆம் ஆண்டுச் சட்டம், பெண் கைதிகளைப் பெண்களே காவல் காக்க வேண்டும் என்றது. சிறைக் காவலருக்கு ஊதியமும் வகுத்தது. ஆனால், இவை நடக்கின்றனவா என்று பார்க்க நாடு முழுமைக்கும் மேற்பார்வையாளர் எவரையும் அது நியமிக்கவில்லை. அந்தக் குறை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. சிறைகளைப் பார்வையிட்டு அறிக்கை தர அரசு ஆய்வாளர்கள் வந்தனர்.

கண் மூடிய காலம்

கதை இங்கே இனிதே முடிந்தது என்று எண்ணுதல் பிழை. ஆய்வாளருள் செல்வாக்கு மிக்கோர், கைதியைத் தனி அறையில் பிறர் முகம் காணாது அடைத்து வைக்கும் முறையைப் பெரிதும் போற்றினர். பிரை அம்மையார் அதை எதிர்த்தார். எனினும் 1842இல் அம்முறைக்கெனவே பென்டன்வில் சிறை திறக்கப்பட்டது. குறை காண வந்தவர்களே திட்டம் தீட்டுவோராக மாறினர்.

1877ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டச் சிறைகளையெல்லாம் மத்திய ஆணையம் ஒன்றின் கீழ்க் கொணர்ந்தது. ஆய்வாளர்களும் அவ்வாணையத்திற்குக் கட்டுப்பட்டவர் ஆயினர். நடத்துபவரின் கீழ் இருப்பவர் நடத்துபவரின் குறையை எப்படி உரைப்பார்? 1894இல் நாளிதழ் ஒன்று சிறைகளின் நிலையை வெளிச்சமிட்டுக் காட்டியது. அதன்பின் அமைந்த குழு 1895இல் சீர்திருத்தங்களை வற்புறுத்தியது. எனினும், சிறைத்துறைக்குக் கட்டுப்படாத தலைமை ஆய்வாளர் பணி தொடங்கியது 1981இல்தான். இதற்கிடையே, ஹாவர்டின் பெயரால் 1866இல் தோன்றிய கழகம் வேறோர் அமைப்புடன் இணைந்து, 1921 முதல் ஹாவர்டு கழகமாக அயராது குரல் எழுப்பி வந்தது. ஊதியம் பெறாத பொதுமக்களும் குழுக்களாகச் சிறைகளுக்குள் சென்று வந்தனர். அக்குழுக்கள் 2003இல் சுதந்திரக் கண்காணிப்புக் குழுக்கள் எனப் புதுப்பெயர் பெற்றன.

ஐக்கிய நாடுகள் அவை 2015இல் நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஏற்ற விதிகள், சிறைகளுக்கு இருவகை ஆய்வு வேண்டும் என்கின்றன: துறைக்குள்ளிருந்து ஒன்று; துறைக்குக் கட்டுப்படாத வெளியார் செய்வது மற்றொன்று. 27 ஆண்டுகள் சிறையிருந்தவரின் பெயரை அவ்விதிகள் தாங்கியிருப்பது மிகவும் பொருத்தமே.

நல்லவர் ஒருவர் காவலராக வாய்ப்பது நற்பேறு. ஆனால், நற்பேற்றை நம்பி மனிதரைப் பூட்டி வைத்தல் தகாது. பூட்டிய கதவுக்கு அப்பால் இருப்பவனின் குரல் தெருவுக்குக் கேட்பதில்லை. தெருவில் இருப்பவரே உள்ளே சென்று கேட்க வேண்டும். ஹாவர்டும் பிரை அம்மையாரும் செய்தது அதுதான். அதை ஒருமுறை செய்தால் போதாது என்பதையும் அவர்களுக்குப் பின் வந்த வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.