டொனமூரும் இராமநாதன் சிலேடையும்

சேர் பொன்னம்பலம் இராமநாதனின் வாக்கென்று யாழ்ப்பாணத்தில் இன்றும் எடுத்துச் சொல்லப்படுவது ஓர் ஆங்கிலச் சிலேடை: ‘டொனமோர் என்றால் டமில்ஸ் நோ மோர்.’ டொனமூர் அரசியலமைப்பு வந்தால் தமிழர் கதை முடிந்தது என்பது பொருள். நீதிமன்றத்தில் பழகிய நாவுக்குரிய வெட்டு இதில் இருக்கிறது. ஆனால் அவர் அந்த அரசியலமைப்பை எதிர்த்த காரணங்களில் பாதியைத்தான் இச்சிலேடை சொல்கிறது.

1851இல் கொழும்பில் பிறந்த இராமநாதன், 1879இல் சட்டநிரூபண சபைக்குள் நுழைந்தார். பின்னர் சொலிசிற்றர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றார். படித்த இலங்கையருக்கென 1911இல் ஒரே ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டபோது, சிங்களவரே பெரும்பான்மையாக இருந்த வாக்காளர் தொகுதியில் டொக்டர் மார்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். சிங்கள உயர்சாதியாரில் பலர் தம் இனத்துக் கரையார் ஒருவரை விட, தமிழ் வேளாளர் ஒருவர் மேல் என்று எண்ணியதும் அவ்வெற்றிக்கு ஒரு காரணம். 1915 கலவரத்தின்பின் இராணுவச் சட்டத்தில் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக அவர் இலண்டன் சென்று வாதாடினார். திரும்பி வந்தபோது வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பிரமுகர்கள் தாமே அதை இழுத்துச் சென்றது பலமுறை எழுதப்பட்ட சம்பவம்.

அவருடைய யாழ்ப்பாண வாழ்வின் நடுவிடம் சுன்னாகத்தை அடுத்த மருதனார்மடம். காங்கேசன்துறை வீதியோரத்தில் 1913இல் அங்கே சைவப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். மிசன் பாடசாலைகளுக்குப் போகாமலே பெண்கள் ஆங்கிலக் கல்வி பெற வழி செய்த முயற்சி அது. அவருடைய மனைவி, அவுஸ்திரேலியரான லீலாவதி அம்மையார், கல்லூரியை முன்னின்று நடத்தினார். 1927 நவம்பரில் காந்தி இங்கு வந்து மாணவியரிடையே பேசினார். டொனமூர் பிரபு தலைமையிலான ஆணைக்குழு இலங்கையில் விசாரணை தொடங்கியதும் அதே மாதத்தில்தான்.

ஆணைக்குழுவின் அறிக்கை 1928இல் வெளிவந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை அது அடியோடு நீக்கியது. அதுவரை சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் மட்டும் இருந்த வாக்குரிமை, வயதுவந்த ஆண் பெண் எல்லோருக்கும் போவதாயிற்று. பெண்களுக்கு 30 வயது என்று ஆணைக்குழு வைத்த வரம்பு, சட்டமாகும்போது 21 ஆகக் குறைந்தது.

சிலேடையில் ஒலிப்பது முதல் மாற்றத்தின் அச்சம். பிரதேசத் தொகுதிகளில் தலைக்கணக்கே முடிவு செய்தால் சிறுபான்மை என்றும் சிறுபான்மைதான் என்ற அந்த வாதத்துக்கு வலு இருந்தது. இரண்டாவது எதிர்ப்பு இப்போது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தாழ்த்தப்பட்ட சாதியாருக்கும் பெண்களுக்கும் வாக்கு என்பதை இராமநாதன் ஏற்கவில்லை. அது இந்து வாழ்க்கைமுறைக்கு ஒவ்வாது என்று வாதிட்டார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர் அவர்களுக்கு வாக்குச்சீட்டை மறுத்தார்; அக்காலத்து யாழ்ப்பாணப் பெரியவர் பலருக்கு இதில் முரண் எதுவும் தென்பட்டிருக்காது. இந்தப் பகுதியைச் சிலேடை ஆக்கவோ மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கவோ பின்வந்தவர்கள் எவரும் முற்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை 19க்கு 17 என்ற கணக்கில் புதிய அரசியலமைப்பை ஏற்றது. இரண்டே வாக்கு வித்தியாசம். இராமநாதன் விடவில்லை, 1930இல், எண்பதை நெருங்கிய வயதில், கப்பலேறி இலண்டன் போய்க் குடியேற்ற நாட்டு அமைச்சிடம் மனுக் கொடுத்தார். பயன் இல்லை. அவ்வாண்டு நவம்பர் 26ஆம் திகதி காலமானார்.

டொனமூரை யாழ்ப்பாணத்தில் நிராகரித்த இன்னொரு கூட்டத்தார் அவருக்கு நேர் எதிர்த்திசையில் நின்றார்கள். 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகத்தின் முன்னணியில், பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பு எமக்கு வேண்டாம் என்றது. சாதி வேற்றுமையைத் தாக்கிய இந்த இளைஞர்களுள் ஒறேற்றர் சுப்பிரமணியமும் ஒருவர்; பிற்காலத்தில் சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையில் ஸ்கந்தவரோதயாக் கல்லூரியின் அதிபராக நெடுங்காலம் இருந்தவர் அவர். 1931 தேர்தலில் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யாதபடி பகிஷ்காரத்தை நடத்திக் காட்டினார்கள். இராமநாதன் உயிரோடு இருந்திருந்தால் இந்த முடிவில் மகிழ்ந்திருக்கலாம்; காரணத்தில் அல்ல.

ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 1936இல் ஏழு அமைச்சர்களும் சிங்களவராகவே அமைந்த மந்திரிசபை வந்ததும் சிலேடை தீர்க்கதரிசனமாகிவிட்டது. ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, மறுபாதி சிறுபான்மையினர் எல்லோருக்கும் என்ற ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கை அந்த அச்சத்தின் அடுத்த வடிவம். பொன்னம்பலம் முதன்முதல் அரசாங்க சபைக்குப் போனதும் பகிஷ்காரம் முடிந்த 1934 இடைத்தேர்தலில், பருத்தித்துறையிலிருந்து. அதே தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியின் புதிய வாக்காளர்கள், ஆண்களும் பெண்களும், சு. நடேசனைத் தெரிவு செய்தார்கள். அவர் பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபர், இராமநாதனின் மருமகன்.