தனிவழிப் பயணமும் அபாயக் கயிறும்

பெண்ணொருத்தி துணையின்றி நெடுந்தொலைவு சென்று நலமே திரும்ப இயலுமா என்பது ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்கும் கோல்களுள் ஒன்றாகும். இங்கிலாந்து நாட்டில் இவ்வினாவுக்கு விடை தேடப்பட்ட இடம் புகைவண்டி. அவ்விடையைக் காண அந்நாட்டார்க்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

1830ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் லிவர்ப்பூல் நகரையும் மான்செஸ்டர் நகரையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதற்குமுன் தொலைவழி செல்வோர்க்குக் குதிரை வண்டியே கதி. அதன் கட்டணம் ஏழைகளால் தாங்கத்தக்கதன்று. 1844ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்தில், கூரையுள்ள வண்டியில், நாள்தோறும் ஒரு முறையேனும் மூன்றாம் வகுப்பு மக்களை ஏற்றிச் செல்ல வேண்டுமென அது விதித்தது. வேலைக்குச் செல்லும் பணிப்பெண்ணுக்கும், வெளியூரில் கற்பிக்கும் ஆசிரியைக்கும், மகளைக் காண விழையும் மூதாட்டிக்கும் உலகம் அகன்றது.

வழி திறந்தது; ஆனால் வண்டியோ மூடியிருந்தது. பழைய குதிரை வண்டிகளின் உடல்களை வரிசையாகக் கோத்தாற்போலவே அக்காலப் புகைவண்டிப் பெட்டிகள் அமைந்தன. ஒவ்வொரு பெட்டியும் பல சிற்றறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. எதிரெதிரே இரண்டு இருக்கைகள். இருபுறமும் வெளியே திறக்கும் கதவுகள். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல உள்வழி இல்லை. ஒரு நிலையத்தை விட்டு வண்டி புறப்பட்டால், அடுத்த நிலையம் வரும்வரை உள்ளே இருப்பவரின் குரல் எவர் செவிக்கும் எட்டாது. உடன் ஏறியவர் நல்லவராயின் நலம். அல்லாராயின் இறைவனே துணை.

இக்குறையை நாட்டுக்கு முதலில் உணர்த்திய கொடுமை ஓர் ஆடவருக்கு நேர்ந்தது. 1864ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், தாமஸ் பிரிக்ஸ் என்னும் வங்கி அலுவலர் லண்டனில் முதல் வகுப்பு அறையொன்றில் தாக்குண்டு, மறுநாள் மாண்டார். பிரிட்டிஷ் புகைவண்டியில் நிகழ்ந்த முதற்கொலை இது. நாடெங்கும் அச்சம் பரவியது. நான்கு ஆண்டுகள் சென்றபின், 1868ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. இருபது மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் வண்டிகளில், பயணிகள் வண்டிப் பணியாளரை அழைப்பதற்கு ஒரு சாதனம் இருக்க வேண்டும் என்று அது பணித்தது. காரணமின்றி அதை இயக்குவோர்க்கு ஐந்து பவுன் வரை தண்டமும் விதித்தது. இன்று நம் வண்டிகளில் காணும் அபாயச் சங்கிலியின் முன்னோடி இதுவே.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. இடுக்கண் வரும்போது கைக்கு உதவுவது வேறு. 1875ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் இருபத்திரண்டு வயது நங்கையொருத்தி லண்டன் நோக்கித் தனியே சென்றுகொண்டிருந்தாள். லிப்ஹூக் நிலையத்தில் அவளது அறையில் ஏறியவர் வாலண்டைன் பேக்கர் என்னும் படைத்தலைவர்; கர்னல் பதவி வகித்தவர்; வேல்ஸ் இளவரசரின் நட்புக்குரியவர். முதலில் கண்ணியமாகவே உரையாடி வந்த அவர், வோக்கிங் நிலையத்தைக் கடந்தபின் அவளிடம் முறைகேடாக நடக்கத் துணிந்தார். அவள் அபாய மணியை நாடினாள். அது பழுதுற்றுக் கிடந்தது. அந்நிலையில் அவள் கதவைத் திறந்து, விரைந்தோடும் வண்டியின் வெளிப்புறப் படிப்பலகையில் இறங்கி நின்றாள். வால்டன் நிலையத்தை வண்டி நிற்காமல் கடந்தபோது அங்கிருந்தோர் இக்காட்சியைக் கண்டனர். ஈஷர் நிலையத்தில் வண்டி நின்றது; அவள் உயிர் தப்பினாள்.

அவள் அச்செய்தியை மறைத்துவைக்கவில்லை. நீதிமன்றம் ஏறிச் சான்று பகர்ந்தாள். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிராய்டன் நகரில் நடந்த விசாரணையில் பேக்கர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஓராண்டுச் சிறையும் 500 பவுன் தண்டமும் பெற்று, படையினின்றும் நீக்கப்பட்டார். தண்டனை போதாதென்று சினந்தோர் பலர். எனினும் பெரும்பதவியும் அரச நட்பும் ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லை வெல்லவில்லை என்பது எண்ணத்தக்கது.

இதன்பின் மகளிர்க்கெனத் தனி அறை வேண்டும் என்ற குரல் ஓங்கியது. கம்பெனிகள் பல அவ்வாறே ஒதுக்கின. ஆனால் அவ்விடங்களில் பெரும்பகுதி வெறுமையாகவே கிடந்தது. பெண்களிற் பலர் பொது அறைகளையே நாடினர். காரணம் அறிதல் அரிதன்று. தனி அறையும் பூட்டிய பேழையே. ஒருத்தி மட்டும் அதில் அமர்ந்திருக்க, தீயவன் ஒருவன் அதனுள் புகுந்துவிட்டால் அவள் நிலை முன்போன்றதே. நம் நாட்டிலும் 1890ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டம், பயணிகள் வண்டி ஒவ்வொன்றிலும் கடைசி வகுப்பில் ஓர் அறையேனும் மகளிர்க்கு ஒதுக்கப் பணித்தது.

நிலையத்தில் இறங்கிய பின்னும் இடர் தொடர்ந்தது. வேலை தருவதாகச் சொல்லி நாட்டுப்புறப் பெண்களை வஞ்சிப்போர் லண்டனில் இருந்தனர். இதற்கென 1885ஆம் ஆண்டில் பயணியர் உதவிச் சங்கம் தோன்றியது. அதன் தொண்டர்கள் நிலையங்களுக்குச் சென்று, தனியே வரும் இளம்பெண்களை எதிர்கொண்டு, தக்க விடுதிகளில் சேர்த்தனர்.

வண்டிக்குள் மெய்யான காப்பு வந்ததோ வேறு வழியில். 1889ஆம் ஆண்டில் அயர்லாந்தின் அர்மா நகர்க்கருகே எண்பது உயிர்களைப் பலிகொண்ட விபத்துக்குப்பின், பயணிகள் வண்டி முழுவதையும் ஒருசேரப் பற்றும் தொடர்த்தடை கட்டாயமாயிற்று. அத்தடையோடு கயிற்றை இணைத்தபின், இழுத்தவுடன் வண்டியே அதனை உணர்ந்தது. 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி, பெட்டிகளின் ஊடே நடைவழி அமைந்த வண்டியை லண்டனிலிருந்து பர்க்கன்ஹெட் வரை ஓட்டியது. இவ்விரண்டும் பெண்களை எண்ணிச் செய்தவையல்ல. எனினும் ஒதுக்கிய அறையைவிடப் பெண்களுக்கு மிகுதியாகத் துணைநின்றன.

மகளிர் தனி அறைகள் 1977ஆம் ஆண்டில் ஒழிந்தன. ஆனால் நடைவழி இல்லாத பழைய பெட்டிகள் சில லண்டன் புறநகர்ப் பகுதிகளில் ஓடிக்கொண்டிருந்தன. 1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் விக்டோரியா நிலையத்துக்கு வந்த அத்தகைய பெட்டியொன்றில் இளம்பெண் ஒருத்தி கொலையுண்டு கிடந்தாள். பிரிக்ஸ் மாண்டு நூற்றிருபத்துமூன்று ஆண்டுகள் கடந்த பின்னும் அதே மூடிய அறை! அதன்பின்னரே அப்பெட்டிகள் விரைந்து விலக்கப்பட்டன.

இன்று அந்நாட்டில் பெட்டிகள் ஒருமுனை முதல் மறுமுனை வரை கண்ணுக்குத் தெரியும்படி திறந்திருக்கின்றன. அஞ்சும் பயணி தன் இருக்கையில் இருந்தபடியே, கைப்பேசி வழியாக 61016 என்னும் எண்ணுக்குச் செய்தி விடுத்துப் புகைவண்டிப் போலீசாரை அழைக்கலாம். குற்றம் முற்றும் ஒழிந்துவிட்டதென்று எவரும் கூறார். எனினும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் தெளிவானது. பெண்ணை மறைத்துவைக்கும் சுவர் அவளுக்குக் காவலாவதில்லை. அவள் அழைத்தால் கேட்கும் செவியும், வந்து சேரும் வழியும், அவள் சொல்லை ஏற்கும் மன்றமுமே காவல். இவற்றை அமைப்பது அரசின் கடமை. அமைத்த மணி ஒலிக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பது நம் அனைவரின் கடமை.