மதுரைக்குச் சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

மதுரைக்கு அருகில் உள்ளது மேற்கேயுள்ள துபாயா, கிழக்கேயுள்ள சிங்கப்பூரா? பூகோள உருண்டையின் மீது ஒரு நூலை இறுகப் பிடித்து, மதுரையை இவ்விரு ஊர்களோடும் இணைத்துப் பாருங்கள். நூல் செல்லும் வழியே மிகக் குறுகிய வழி. அவ்வாறு அளந்தால் துபாய் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். இரண்டும் அநேகமாகச் சம தூரமே!

ஜெட் விமானம் நேராகப் பறந்தால் எவ்வூருக்கும் நான்கு மணி நேர அளவில் சென்றுவிடும். எதிர்க்காற்று வீசினால் நேரம் சற்று நீளும். ஆயினும், கடிகாரத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மதுரையில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு, நான்கு மணி நேரத்தில் துபாயில் இறங்குபவருக்கு அங்கே மணி பிற்பகல் 2.30, சிங்கப்பூரில் இறங்குபவருக்கோ மாலை 6.30. துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பிந்தியது. சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முந்தியது. ஊர்களின் நேரம் மாறுகிறதேயன்றிப் பயண நேரம் மாறுவதில்லை.

இனி, சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். மதுரைக்கு ரயில் வந்தது 1875-ஆம் ஆண்டில். பிற்காலத்தில் மதுரைச் சீமையிலிருந்து மலாயாவுக்குப் பிழைக்கச் சென்ற பலர், ரயிலேறி நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ‘ரஜூலா’ என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்னும் துறைமுகங்களை இணைத்தது. கடலிலேயே ஏறத்தாழ ஒரு வாரம் கழியும். ஊரில் தந்தை இறந்தார் என்று தந்தி ஒரே நாளில் அக்கரை சேர்ந்துவிடும். மகனோ அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அவன் வந்து சேருமுன் கொள்ளி வைத்தாகிவிடும். இத்தகைய துயரம் எத்தனையோ குடும்பங்களுக்கு நேர்ந்தது. செய்தி பறந்தது, மனிதன் பறக்க முடியவில்லை.

மதுரைக்குத் தெற்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத்தளம் ஒன்று அமைந்தது. அங்கிருந்து கடல் கடந்து செல்லும் முதற் பயணிகள் விமானம் 2012 செப்டம்பர் 20 அன்றுதான் கொழும்புக்குப் பறந்தது. பின்னர்த் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் வந்தன. அதற்கு முன்பு மதுரைக்காரர், சென்னை போன்ற வேறு நகரத்துக்குப் போய்க் காத்திருந்தே வெளிநாட்டு விமானம் ஏற வேண்டும். வானில் பறப்பது நான்கு மணி நேரம். வீட்டை விட்டு வீடு சேர்வதற்கோ ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

ஆகவே, ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்கும்போது மூன்றையும் கேளுங்கள்: கிலோமீட்டர் எத்தனை? பறக்கும் நேரம் எவ்வளவு? வாசல் விட்டு வாசல் சேர எத்தனை நாள்? முதல் விடை அன்றும் இன்றும் ஒன்றே. மற்ற இரண்டும் மாறிய வரலாறே, கடல் கடந்து போன நம்மவரின் வரலாறு.